தண்ணீர் தெளியும்வரை

ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஸ்பாஞ்சு சுத்தமாக இருந்தது.

வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. மேலே சொரசொரப்பான நீல ஸ்பாஞ்சு, அதற்குக் கீழே நெருக்கமான வெள்ளை ஸ்பாஞ்சு, அடியில் வலைப்பைக்குள் பீங்கான் வளையங்கள். முதல் தடவை திறக்கும்போது குடலைப் புரட்டும், கையெல்லாம் வழுவழுக்கும், வாளித் தண்ணீர் கறுத்துவிடும் என்று கடைக்காரர் முன்கூட்டியே பயமுறுத்தி அனுப்பியிருந்தார். அதற்காகவே பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சை வேறு பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். எதுவும் தேவைப்படவில்லை. ஸ்பாஞ்சை அழுத்தினாள். விரல்களுக்கு நடுவே வழிந்த தண்ணீர் குடிக்கலாம் போலிருந்தது.

பெட்டியை ஒட்டிக் குளம் பச்சையாகக் கிடந்தது. மேலே தோல் போலப் பாசி படிந்து, வெயில் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சளாகி, உள்ளே ஒரு விரற்கடைகூடத் தெரியாத பச்சை. அடியில் பம்பு முனகிக்கொண்டிருந்தது. பச்சைத் தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பெட்டிக்குள் போய், இன்னொரு குழாய் வழியாகக் குளத்துக்கே திரும்பி விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாக ஓயாமல் இதுதான் நடக்கிறது. அப்படியானால் அழுக்கு எங்கே?

வீடு வாங்கும்போதே குளம் இருந்தது. தரகர், "பின்னாடி ஒரு குளமும் இருக்கு, அழகுக்கு" என்று சொல்லி, அந்தப் பக்கம் போகாமலேயே சமையலறை ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டு அடுத்த அறைக்கு நடந்துவிட்டார். குடி வந்த பிறகுதான் அதன் கொசுவும் வாடையும் தெரிந்தன. அவளுக்குக் கொசு ஒழிய வேண்டும். அவள் கணவனுக்கு மீன் வளர்க்க வேண்டும். அவன் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்து சுற்றும் பட்டைகளைப் பழுதுபார்ப்பவன். மதியம் போனால் ஊர் அடங்கிய பிறகுதான் வருவான். அவளுக்கு வீட்டிலேயே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். முணுமுணுப்பு, இருமல், காகிதம் புரளும் ஓசை எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு மருந்தின் பெயரைப் பிடித்தெடுக்கப் பழகிய காது அவளுடையது. வீட்டில் இருப்பவள் அவள்தான் என்பதால் பம்பு வாங்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

கடைக்காரர் முதலில் கேட்டது ஆழத்தைத்தான்.

"துணி காயப்போடற கம்பை விட்டுப் பார்த்தேன். இடுப்பளவு இருக்கும்" என்றாள்.

"தரை தட்டுச்சா?"

"தட்டுச்சு."

"அப்ப சரி. குளத்துத் தண்ணி மொத்தமும் மணிக்கு ஒரு தடவையாவது ஃபில்டருக்குள்ள போயிட்டு வரணும். ஆழம் தப்பாச்சுன்னா எல்லாமே தப்பு. மீன் விடறதா இருந்தா ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துக்கோங்க. அது சும்மா இருக்குமா? தின்னுக்கிட்டும் போய்க்கிட்டும்தான் இருக்கும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். "ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில கழுவிடாதீங்கம்மா. குளத்துத் தண்ணியிலயே அலசுங்க. அதுல நல்ல கிருமி குடியேறும். அதுதான் சுத்தம் பண்ணப்போகுது. நாம வெறும் கரண்ட் குடுக்கற ஆளுங்க."

அவள் மீன் இப்போதைக்கு வேண்டாம் என்று சின்னதையே எடுத்து வந்தாள்.

ஃபில்டரைத் திறந்து பார்த்த அன்று கணவன் வந்ததும் கேட்டாள். "ஃபில்டரை நீங்க கழுவினீங்களா?"

"நான் சாப்பிட்ட தட்டையே கழுவறதில்லன்னு நீதானே ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கே?"

கடைக்காரருக்கு போன் செய்தாள். பம்புக்கு இழுவை போதவில்லை, அதனால்தான் அழுக்கு ஏறவில்லை, கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். "ஆழத்தைச் சரியா அளந்தீங்களா?" என்று மறுபடியும் கேட்டார்.

பெரிய பம்பு வந்தது. பாசியைக் கொல்லும் யூ.வி. விளக்கு ஒன்றும் கூடவே வந்தது. கணவன் தன் விடுமுறை நாளில் பம்பை ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துக் கயிறு கட்டி இறக்கினான். மோட்டார் வேலை அவனுக்குக் கைவந்தது, அதனால் விசிலடித்துக்கொண்டே செய்தான். பம்பின் ஓசை இப்போது முனகலாக இல்லை. சுவரில் ஏறி, தரையில் இறங்கி, நாற்காலியின் கால் வழியாக அவள் முதுகுத்தண்டுக்கு வந்தது. அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாதி வாக்கியத்தில் பதிவை நிறுத்திவிட்டு எழுவாள். சமையலறைக்குப் போவாள். குடிக்காத தண்ணீரைப் பிடிப்பாள். ஜன்னலில் நிற்பாள். மறுபடி வந்து உட்காருவாள்.

சில நாளில் பச்சை மெலிந்தது. முதலில் ஓரத்துச் சிமெண்ட் தெரிந்தது. பிறகு ஒரு நாள் மதியம் வெயில் சாய்வாக விழுந்தபோது தண்ணீருக்குள் ஒரு படி தெரிந்தது. அகலமான, முனை தேய்ந்த படி. இடுப்பளவில்தான் இருந்தது. அவள் கம்பு தட்டியது தரையை அல்ல.

அதற்குக் கீழே இன்னும் பச்சைதான்.

ஃபில்டரைத் திறந்தாள். ஸ்பாஞ்சு சுத்தமாக இருந்தது. சுத்தமாக மட்டும் இல்லை. துணியைப் பிழிவதுபோல இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கி, முறுக்கிய நிலையிலேயே பெட்டிக்குள் வைக்கப்பட்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முறுக்கு மெல்லத் தளர்ந்து, ஒரு பெருமூச்சு போலத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு, சதுரமாக விரிந்தது.

இப்போதுதான் கையை எடுத்திருக்கிறார்கள்.

அவள் மூடியைப் போட்டாள். சுற்றிலும் பார்த்தாள். ஆளுயர மதில். பூட்டிய பின்கதவு. கொடியில் அவன் சட்டைகள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

தங்கையிடம் போனில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அக்கா, இங்க வேலைக்கு ஆள் கிடைக்காம நான் அல்லாடிட்டு இருக்கேன். உனக்குக் கேக்காமலேயே வந்து கழுவித் தர்றாங்களா? அப்படியே என் வீட்டுக்கும் அனுப்பி வையேன்."

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

செடிக்கு மண் போட்டுவிட்டு, சேறு அப்பிய செருப்பைக் குளத்தோரம் கழற்றி வைத்ததை மறந்துபோனாள். காலையில் அது ஜோடியாக, நுனி தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. சேறு இல்லை. நீல வாரில் நீலம் இல்லை. பொறித்திருந்த எழுத்து இல்லை. வருடக்கணக்காக மிதித்து மிதித்துக் குதிகாலில் விழுந்திருந்த பள்ளம்கூட இல்லை. யார் காலும் இதுவரை நுழையாத வெள்ளைச் செருப்பு. அவள் அதைக் குச்சியால் தள்ளித்தள்ளிக் குப்பைக்கூடைக்குள் போட்டாள். கைபட்டு எடுக்க மனம் வரவில்லை.

கணவனுக்கு அதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை. "வெயில்ல வெளுத்திருக்கும். விளக்கு வெளிச்சம் பட்டாலும் வெளுக்கும்" என்றான். தண்ணீர் தெளியத் தெளிய அவனுக்கு உற்சாகம் ஏறியது. வேலைக்குக் கிளம்பும் முன் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்ப்பான். "ஏய், இன்னொரு படி தெரியுது பாரு. அந்தக் காலத்துல கிணறா இருந்திருக்கும்போல." அந்த வார இறுதியில் பாலிதீன் பையில் சிவப்பு மீன்களைக் கொண்டுவந்து விட்டான். அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தீப்பொறிகள் போலச் சிதறி, படிகளுக்கு மேலே சுற்றி வந்தன. அன்று மட்டும் அவளுக்கும் அது அழகாகத்தான் இருந்தது.

அடுத்தடுத்த நாட்களில் சிவப்பு இளஞ்சிவப்பானது. பிறகு தோல் நிறம். பிறகு மெழுகு. ஒரு நாள் அவள் தீனியைத் தூவியபோது தண்ணீர் தானாகச் சுழிந்தது. தீனித் துணுக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முகத்தைத் தாழ்த்திப் பார்த்த பிறகுதான் கண்ணாடி போன்ற உடல்கள் தெரிந்தன. நடுவில் நூல் போல முள். அதன் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த ஒரு சிறிய வெள்ளை. அவை சாகவில்லை. நன்றாகச் சாப்பிட்டன.

அன்றே கடைக்குப் போனாள்.

"தண்ணியைக் கலங்க வைக்கணும்னா என்ன பண்ணணும்?"

கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எல்லாரும் தெளிய வைக்கத்தான் என்கிட்ட வருவாங்க. நீங்க முதல் ஆளு."

"சொல்லுங்களேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அடங்கியது. "பம்பை நிறுத்துங்க. வெயில் படட்டும். கொஞ்சம் உரம் போடுங்க. தானா பச்சையாயிடும். ஆனா மீன் செத்துடும்மா."

வீட்டுக்கு வந்ததும் பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. தண்ணீர் விழும் ஓசை நின்றது. சுவர், தரை, நாற்காலிக் கால் எல்லாம் ஒரேயடியாகச் செத்துப்போனது போல அமைதி. செடிக்கு வைத்திருந்த உரத்தைப் பொட்டலத்தோடு கொட்டினாள். அது தண்ணீருக்குள் பழுப்பு மேகமாக இறங்கியது. முதல் படியைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. கீழே போகப்போக மெலிந்து, யாரோ வழித்து எடுத்தது போல, இல்லாமலானது.

அவள் உள்ளே போய் வேலையில் உட்கார்ந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டாள். கரகரத்த குரலில் ஒரு டாக்டர் யாருடைய நுரையீரலைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஓர் ஓசை கேட்டது.

சளப்.

பின்னோக்கி ஓட்டிக் கேட்டாள். பதிவில் அது இல்லை. காதுக்கருவியைக் கழற்றினாள்.

சளப். சளப். பிறகு நீளமாக, பிழிந்த தண்ணீர் கொட்டுகிற ஓசை.

பின்பக்கமிருந்து. கீழிருந்து.

பிளக் பிடுங்கிய இடத்திலேயே கிடந்தது. தண்ணீர் தெளிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் கணவனுக்கு விடுமுறை. காலையிலிருந்து அவள் அவன் பின்னாலேயே அலைந்தாள். அவன் பல் தேய்க்கும்போது நின்றாள், காபி குடிக்கும்போது நின்றாள்.

"எனக்கு இந்தக் குளம் வேண்டாங்க. பம்பை எடுத்துடுங்க. லாரியில மண்ணைக் கொண்டுவந்து மூடிடலாம்."

"இப்பத்தானே தெளிஞ்சிருக்கு?"

"அதனாலதான்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். கேலி செய்ய வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டான். "சரி. நீ இவ்வளவு பயப்படறதுக்கு எனக்கு மீன் பெரிசில்ல. சாயங்காலம் எடுத்துடறேன். நாளைக்கே மண்ணுக்குச் சொல்லிடலாம்" என்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அன்று மதியம்தான் அவள் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

சாயங்காலம் அவன் வேலைக்குப் போடும் கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, குளத்தோரம் வந்தான். மேலிருந்து கயிற்றை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. "கூடை எங்கேயோ மாட்டிக்கிட்டிருக்கு. ஒரு படி இறங்கினா கைக்கு எட்டும்."

"இறங்காதீங்க. கயித்தை அறுத்து விட்டுடுங்க. போகட்டும்."

"ஒரே படிதான். நீ இங்கேயே நில்லு."

அவன் இறங்கினான். அவள் நின்றாள். தண்ணீர் இருக்கிறது என்பதே தெரியவில்லை. அவன் உடல் இடுப்பில் கொஞ்சம் முறிந்தது போலத் தெரிந்ததால்தான் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தது. கீழே படிகள். அதற்கும் கீழே படிகள். மதிலின் நிழல் குளத்தில் பாதியை மூடியிருந்தது, ஆனால் நிழலுக்குள்ளும் படிகள் தெளிவாகத் தெரிந்தன. அவன் குனிந்தான். இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையை விட்டுத் துழாவினான்.

அடுப்பில் காபிக்கு வைத்திருந்த பால் பொங்கும் வாடை.

தீய்ந்த வாடை. எரிவாயு வாடையும் சேர்ந்தது. அவன் தலை நிமிராமலேயே, "அடுப்பைப் பாரு" என்றான். அவள் ஓடினாள். அடுப்பைத் திருகி அணைத்தாள். அவ்வளவுதான். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிகிறதா என்று பார்த்தாள்.

தெரியவில்லை.

ஓடி வந்தாள். தண்ணீரில் அலை இல்லை. வட்டம் இல்லை. குமிழி இல்லை. கயிறு மட்டும் விறைப்பாக நின்றது. கண்ணுக்கு எட்டிய ஆழம்வரை படிகள். காலியான படிகள்.

கத்தினாள். அவனைக் கூப்பிட்டாள். கம்பை எடுத்து வந்து படிகளுக்கு அப்பால் விட்டாள். எதிலும் தட்டவில்லை. போன் எங்கே? மேஜையில். ஓடினாள். எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் குரல் விலாசம் கேட்டது. சொன்னாள். தெருவின் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள். "வண்டி கிளம்பிடுச்சும்மா, நீங்க தண்ணியில இறங்காதீங்க" என்றது குரல். மறுபடி குளத்தோரம் வந்து மண்டியிட்டாள்.

இறங்க வேண்டும். ஒரு காலை நீட்டினாள். தண்ணீர் பாதத்தைத் தொடும் முன்பே காலை இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள். முடியவில்லை.

சளப்.

ஆழத்திலிருந்து. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

சளப். சளப். தேய்க்கும் ஓசை. நிறுத்தி, புரட்டிப்போட்டு, மறுபக்கம் தேய்க்கும் ஓசை. பிறகு முறுக்கிப் பிழிவது. நீளமாக.

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைகளைத் தாண்டி வந்தது.

பிறகு நின்றது.

கீழே ஏதோ அசைந்தது. படியேறி வந்தது. ஒரு கால். மறு கால். தண்ணீருக்குள் நடப்பவர்களின் தள்ளாட்டம் இல்லாமல், மாடிப்படி ஏறுகிறவனைப் போல, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது. தலை வெளியே வந்தது. தோள் வந்தது. மூச்சு வாங்கவில்லை. இருமவில்லை.

அவன்தான். அவன் உயரம். அவன் நடை.

சட்டை வெள்ளையாக இருந்தது. தலைமுடி இருந்தது, ஆனால் ஈரத்தில் ஒட்டிய முடிக்கு நிறம் இல்லை. புருவம் எங்கே முடிந்தது, நெற்றி எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. வருடக்கணக்காக எந்தச் சோப்புக்கும் போகாத நகக்கண் கிரீஸ் போயிருந்தது. நகமும் விரலும் ஒன்றாயிருந்தன. அவன் குந்தி அவள் எதிரே உட்கார்ந்தான். அவன் சொட்டச்சொட்ட, தரை நனைந்த இடமெல்லாம் சிமெண்டின் கறை வெளுத்தது.

"பயந்துட்டியா?" என்றான். அவன் குரலேதான். அந்தக் கனிவேதான்.

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் தெளிந்த தண்ணீர்.

எங்கோ தொலைவில் சைரன். எழ முயன்றாள். அவன் அவள் கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். குளிர்ச்சி இல்லை. சூடும் இல்லை. அவன் உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை. அவள் மணிக்கட்டைத் திருப்பினான். பிறந்ததிலிருந்து அங்கே இருக்கும் கறுப்பு மச்சத்தைக் குனிந்து பார்த்தான். தலையைச் சாய்த்து, புரியாதவன் போல, வெகுநேரம் பார்த்தான்.

"அழுக்கு" என்றான்.

கட்டைவிரலை அதன்மேல் வைத்து, வலிக்காமல், பொறுமையாகத் தேய்க்கத் தொடங்கினான்.

"கையை இழுக்காதே. போயிடும். கொஞ்சம் பொறு."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சம் வெளுத்துக்கொண்டு வந்தது.